தூது செல்லும் செய்மதி

அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூதுக்குரிய பொருள்களைப் பத்தாக வகுத்துச் சொல்வது நமது பிரபந்த இலக்கண மரபு. இந்தப் பத்தில் மதி இல்லை. தூது போவதற்கு மதியைவிடத் தகுதியான பொருள் வேறொன்று இருக்க முடியாது என்பது என் எண்ணம். அன்னமும் கிளியும் ஒருவரிடமிருந்து புறப்பட்டு, மலையும் ஆறும் கடந்து, மற்றவரிடம் போய்ச் சேர வேண்டும். வழியில் வேடன் உண்டு, மழை உண்டு. மதிக்கோ அந்தப் பயணமே வேண்டியதில்லை. பிரிந்திருக்கும் இருவரும் ஒரே வேளையில் அண்ணாந்து பார்த்தால் இருவர் கண்ணிலும் அது படும்.

இருவர் கண்ணிலும் ஒரே வேளையில் படுகின்ற பொருள் என்ற இந்த ஒரு தன்மைதான், நேயர்களே, செய்மதித் தொடர்புக்கு அடிப்படையாக அமைந்த விஞ்ஞானமும் ஆகும்.

தமிழகத்தார் செயற்கைக்கோள் என்பதை நாம் செய்மதி என்கிறோம். அழகான வினைத்தொகை. செய்த மதி, செய்கின்ற மதி, செய்யும் மதி என்று முக்காலத்துக்கும் விரியும். அரசுகளும் பெருங் கம்பனிகளும் செய்த மதிகளின் கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. எந்தப் பதவியும் முதலும் இல்லாத மனிதர்கள் ஓய்வு நேரத்தில் கூடிச் செய்த மதிகளும் உண்டு. அவற்றின் வரலாறே இன்றைய உரைக்குப் பொருள்.

வீட்டின் ஒரு மூலையில் சிறிய வானொலி நிலையம் ஒன்றை அமைத்து, வருமானம் கருதாமல், உலகின் வேறு மூலைகளில் உள்ள தம்மைப் போன்றவர்களோடு உரையாடுவோரை அமெச்சூர் வானொலியாளர் என்பர். ஹாம் என்பது அவர்களுக்கு வழங்கும் செல்லப் பெயர். பரீட்சை எழுதித் தேறி அரசின் உரிமம் பெற வேண்டும். உரிமத்தோடு அழைப்புக் குறி ஒன்றும் வழங்கப்படும். பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையருக்குரிய குறி வி.எஸ்.7 என்று தொடங்கியது. பின்னர் 4எஸ்7 என்றாயிற்று. அதன் பின் வரும் எழுத்துக்கள் அவரவர்க்கு உரியவை. ஒருவரின் குறி உலகில் இன்னொருவருக்கு இராது. அந்தக் குறியைச் சொல்லி அழைத்தால் அவரைத் தவிர வேறெவரும் அதற்கு உரியவர் அல்லர்.

மலையகத்தவர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். லயத்துக் காம்பராவுக்கு வீதியின் பெயரும் இல்லை, வீட்டிலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயரே எல்லோருக்கும் பொது முகவரி. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து ஆள் கைமாறி லயத்துக்கு வரும். பரீட்சை முடிவும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் காலங்கடந்து கைக்கு வந்த கதையைத் தோட்டத்துக் குடும்பங்களில் கேட்கலாம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதி பின்னர் பேசிக்கொள்வதற்காக ஒத்திவைக்கப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியோருக்கும் இங்கே நின்றுவிட்டோருக்கும் இடையில் இருந்த தூது கடிதமும் தந்தியும் மட்டுமே. திருச்சிராப்பள்ளிக்கும் இறம்பொடைக்கும் இடையில், பறவை பறக்கும் வழியில், 500 கிலோ மீற்றர் கூட இல்லை. ஆனால் அண்ணன் இறந்த செய்தி தங்கைக்கு வாரங்கள் கழித்துத்தான் எட்டியது.

தூது என்றவுடன் அனுமனை நினையாதிருக்க முடியாது. அதிலும் இறம்பொடையைப் பற்றிப் பேசும்போது முடியவே முடியாது. சின்மயா மிஷன் எழுப்பிய ஆஞ்சநேயர் ஆலயம் இங்கே மலைச்சரிவில் நிற்கிறது. இராமனின் படை தங்கியதால் இறம்பொடை என்றாயிற்று என்று பெயர்க்காரணம் சொல்வோர் உண்டு. சொல்லாராய்ச்சி அதை ஏற்குமா என்பது வேறு விடயம்; தூதனுக்குக் கோயில் அமைய இந்த ஊர் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கம்பளையிலிருந்து புசல்லாவ வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், நீர்வீழ்ச்சி ஒருபுறம் இரைய, கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்க, சுற்றிலும் மலைச்சுவர்கள் எழுந்து நிற்கின்றன. இந்தப் பள்ளத்தில் ஓசைக்குப் பழக்கமான வழி ஒன்றே. பெரட்டுக்கு அழைக்கும் தப்பும் கொம்பும் மேலிருந்து கீழே ஒலித்தன. கீழிருந்தவர்கள் கேட்டார்கள். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது பீதுருதலாகலையின் உச்சியில் கோபுரம் எழுந்தது. அப்போதும் கேட்பதும் பார்ப்பதும்தான் நம் பங்காயிற்று.

வானொலி அலைகளுள் சிற்றலை என்பது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பித் தூர தேசங்களில் போய் இறங்கும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழகத்துக் கிராமங்களில் எல்லாம் கேட்டதற்கு அதுவும் துணை நின்றது. ஆனால் அயனமண்டலம் நம்பத்தகாத தூதன். பகலில் ஒன்று சொல்லும், இரவில் ஒன்று. சூரியனில் கொந்தளிப்பு ஏற்பட்டால் வாயே திறவாது. அதைவிட உயர்ந்த மீடிறன் கொண்ட அலைகள் தெளிவானவை. அவற்றுக்கு வேறொரு குறை: நேர்கோட்டில் செல்லும், மலையைக் கண்டால் நின்றுவிடும். இறம்பொடையில் நின்று அவ்வலையில் பேசினால் எதிர்மலையோடு பேச்சு முடிந்துவிடும். மலைக்கு மேலே ஒரு தூதனை நிறுத்தினால்தான் வழி பிறக்கும்.

எவ்வளவு மேலே என்ற கேள்விக்குக் கணக்கோடு விடை சொன்னவர், பின்னாளில் நம் நாட்டையே தம் வீடாக்கிக்கொண்ட ஆதர் சீ. கிளார்க். 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நிலத்திலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோ மீற்றர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேரே சுற்றும் கலம் ஒன்று பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகும். ஆகையால் வானில் அசையாது நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய மூன்று நிலையங்கள் உலகம் முழுவதற்கும் போதும் என்றார். அவர் குறித்த மூன்று இடங்களுள் ஒன்று கிழக்கு நெடுங்கோடு 30 பாகை, ஆபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரியது. இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் ஏறியது. அது எழுப்பிய 'பீப் பீப்' ஒலியை உலகெங்கும் கேட்டுக் குறித்துக்கொண்டவர்களுள் அமெச்சூர்கள் பலர். கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே இங்கு முக்கியம். 1960 ஜூலையில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருந்த அமெச்சூர்கள் நிஜ நிலவிலேயே அலையை மோதவிட்டு, திரும்பி வந்த மெல்லிய ஒலியில் ஒருவரையொருவர் இனங்கண்டனர். நம் இலக்கண நூலார் பட்டியலில் விட்டுவிட்ட பதினோராவது தூது அன்று நிறைவேறியது.

அதற்கு முந்திய ஆண்டில் டொன் ஸ்டோனர் என்ற அமெச்சூர், நாமே ஒரு செய்மதி செய்தால் என்ன என்று ஒரு சஞ்சிகையில் கேட்டிருந்தார். விளையாட்டாகக் கேட்ட கேள்வி என்றே பலர் எண்ணினர். கலிபோர்னியாவில் இருந்த ஒரு குழுவினர் அதைக் காரியமாகவே எடுத்துக்கொண்டனர். பகலில் வேலைக்குப் போய், மாலையில் சேர்ந்து உழைத்தார்கள். அமெரிக்க விமானப்படையின் ரொக்கெட்டில் பாரத்தைச் சமன் செய்வதற்காக வைக்கும் எடைக்குப் பதிலாகத் தங்கள் பெட்டியை வைக்க அனுமதி கேட்டுப் பெற்றார்கள். நாலரைக் கிலோகிராம் அளவான அந்தப் பெட்டி 1961 டிசம்பர் 12ஆம் திகதி வானேறியது. அதைக் கலத்திலிருந்து உந்தித் தள்ளிய சுருள்வில், கடையில் விலைக்கு வாங்கிய சாதாரண வில். அமெச்சூர் வானொலியைச் சுமந்து சுற்றும் செய்மதி என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக அதற்கு ஒஸ்கார் என்று பெயரிட்டார்கள். ஒஸ்கார் 1 பேசிய மொழி ஒரே சொல்தான்: மோர்ஸ் எழுத்தில் 'ஹாய்'. ஹாம்களின் வழக்கில் அது சிரிப்புக்கும் அடையாளம். அச்சொல்லின் வேகத்தைக் கொண்டே பெட்டிக்குள் இருந்த வெப்பநிலையைக் கணித்தார்கள். மூன்று வாரம் அப்படிச் சொல்லிக்கொண்டே சுற்றியது. 28 நாடுகளிலிருந்து 570க்கும் மேற்பட்டோர் கேட்டதாக எழுதி அனுப்பினர்.

ஆயினும் அது தூதனாகவில்லை. தன் பேச்சையே பேசிற்று. பிறர் பேச்சைக் கேட்டு வாங்கி மறுபுறம் கொடுத்த முதலாவது அமெச்சூர் செய்மதி 1965 மார்ச் 9ஆம் திகதி ஏறிய ஒஸ்கார் 3 ஆகும். நமது பாடசாலை விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் பார்த்திருப்பீர்கள். ஓடி வருபவன் கோலை நீட்டுகிறான்; காத்து நிற்பவன் வாங்கி ஓடுகிறான். வானில் இருக்கும் அஞ்சல் கருவியின் வேலையும் அதுவே. ஒரு மீடிறனில் வரும் குரலை வாங்கி, பலப்படுத்தி, இன்னொரு மீடிறனில் கீழே விடுகிறது. ஒஸ்கார் 3 பதினெட்டு நாள் அளவே உழைத்தது. அதற்குள் 22 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் அதன் வழியே பேசினார்கள். அட்லாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளும் தொடுக்கப்பட்டன. இங்கே ஒரு திகதியைக் கவனியுங்கள். வணிக நோக்கில் நிலைகொண்ட முதலாவது தொடர்புச் செய்மதியாகிய ஏர்லி பேர்ட் ஏறியது அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி. கம்பனிக்காரருக்கு நான்கு வாரம் முன்னதாகவே ஓய்வு நேரக்காரர் தம் தூதனை அனுப்பிவிட்டார்கள்.

பின்வந்தவற்றை எல்லாம் இங்கு அடுக்கப் புகவில்லை. ஒன்றை மட்டும் விட மனமில்லை. 1974 நவம்பர் 15ஆம் திகதி ஏறிய ஒஸ்கார் 7, 1981இல் பற்றரி பழுதாகி வாய் மூடியது. இறந்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்டார்கள். 2002 ஜூன் 21ஆம் திகதி இங்கிலாந்தில் ஒருவர் காதில் அதன் குரல் மீண்டும் விழுந்தது! பழுதான பற்றரி முற்றாக அறுபட்டுப் போனதால், சூரியத் தகடுகளின் மின்சாரம் நேரே கருவிகளுக்குப் பாய வழி பிறந்திருந்தது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்செய்மதி வெயிலில் பேசியது, நிழலில் உறங்கியது. ஞாயிறு கண்டு மலரும் தாமரையைப் பாடிய நம் புலவர்கள் இதைக் கண்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

இனி நமது கடலுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்தபோது தொலைபேசிக் கம்பிகளும் கோபுரங்களும் வீழ்ந்தன. அந்தமானின் போர்ட் பிளேயரில் அமெச்சூர் வானொலிக்கென்று போயிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவரது குழுவினரும், தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் செய்தி கடத்தினர். இங்கே இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் தொடர்பை ஏற்படுத்தினர். அவையெல்லாம் சிற்றலையில் நடந்தவை. ஆனால் ஹாம் என்றால் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தோர் வாய் அன்றோடு அடைபட்டது.

நான்கு மாதங்களும் சில நாட்களும் கழிந்து, 2005 மே 5ஆம் திகதி, சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சீ6 ரொக்கெட் புறப்பட்டது. இராமேஸ்வரத்தில் பிறந்து இந்தியக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சுமை கார்ட்டோசாட் 1 என்னும் நிலப்படச் செய்மதி. அதனோடு ஒட்டிக்கொண்டு போனது 42.5 கிலோகிராம் எடையுள்ள ஹாம்சாட். அமெச்சூர்களுக்கென்றே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அனுப்பிய செய்மதி அது. ஒஸ்கார் வரிசையில் 52ஆவது இலக்கம் பெற்றது. அதிலிருந்த இரண்டு அஞ்சல் கருவிகளுள் ஒன்று இந்திய அமெச்சூர்களின் பங்களிப்போடு உருவானது. மற்றது ஒல்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் செய்து கொடுத்தது.

ஏறத்தாழ 630 கிலோ மீற்றர் உயரத்தில், 97 நிமிடத்துக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றியது. அந்த உயரத்தில் இறம்பொடைக்கு நேர்மேலே அது வரும் கணத்தில் டில்லியும் கோலாலம்பூரும் ஒருங்கே அதன் பார்வையில் இருக்கும். தமிழகம் முழுவதையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேச விரும்புபவருக்குத் தேவையானவை, 435 மெகா ஹேர்ட்ஸில் அனுப்ப ஒரு கருவி, 145 மெகா ஹேர்ட்ஸில் கேட்க ஒரு கருவி, கையில் பிடித்துத் திருப்பக்கூடிய மீன்முள் போன்ற அன்ரனா ஒன்று. அனுப்பிய தன் குரலே வானத்திலிருந்து திரும்பி வருவதைக் காதில் வாங்கிக்கொண்டே பேச வேண்டும். நானுஓயா ஸ்ரேஷனை நெருங்கும் ரயிலின் ஊதல் உரத்தும், விலகும்போது தணிந்தும் கேட்பதுபோல, நெருங்கி விலகும் செய்மதியின் மீடிறனும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கை அன்ரனாவைத் திருப்ப, மறுகை மீடிறனைத் திருத்த, வாய் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். நேரமோ குறைவு. திறந்த வெளியில் உச்சி வழியாகப் போகும் செய்மதி 13 நிமிடம் தெரியும். சுற்றிலும் மலைகள் இருபது பாகை உயரத்துக்கு மறைத்தால் அது ஆறு நிமிடமாகச் சுருங்கிவிடும். மலையகத்தவர் இங்கேயும் சமவெளியாரில் பாதியைத்தான் பெறுகிறார் என்று எண்ண வேண்டியிருக்கிறது. என்றாலும் ஆறு நிமிடம், தந்திக்கு எண்ணி எண்ணிச் சொல் வைத்தவர்களுக்குச் சிறிதல்ல.

இரண்டு ஆண்டு உழைத்தால் போதும் என்று செய்யப்பட்ட ஹாம்சாட் ஒன்பது ஆண்டுக்கு மேல் உழைத்தது. 2014 ஜூலையில், பற்றரி செயலிழந்ததால் அதன் பணி முடிந்தது என்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அறிவித்தது. கட்டணம் கேட்காமல், குடியுரிமை கேட்காமல், எந்த மொழியில் பேசினாலும் அப்படியே வாங்கிக் கொடுத்த ஒரு தூதனுக்கு இது நல்ல ஆயுள்தான். ஓடிப்போன கப்பலும் நின்றுபோன தந்தியும் செய்யாததை அது செய்தது. ஆனால் 1964இல் பிரிக்கப்பட்ட தலைமுறைக்கு அது நாற்பது ஆண்டு பிந்தி வந்த தூது.

இலங்கையும் ஒரு மதி செய்தது. யப்பானில் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உழைத்துச் செய்த அது, கையில் அடங்கும் பத்துச் சென்ரிமீற்றர் கனசதுரம். 2019 ஏப்ரலில் ஏற்றப்பட்டு, ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. வைத்த பெயர் இராவணா 1. அனுமனுக்குக் கோயில் கட்டிய ஊரிலிருந்து பார்க்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. புஷ்பக விமானம் நம்மிடம் இருந்தது என்று மேடையில் முழங்குவோரைவிட, ஒரு கிலோகிராம் அளவான இந்தப் பெட்டியைப் பிழையின்றிச் செய்து முடித்த இருவரையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன அந்த 30 பாகை. கிளார்க் கணக்கிட்ட உயரத்தில், 1960களின் நடுப்பகுதி முதலே வணிகச் செய்மதிகள் நிலைகொண்டுவிட்டன. அமெச்சூர்களுக்கோ அங்கே இடம் கிடைக்கவில்லை. 2018 நவம்பர் 15ஆம் திகதி ஏற்றப்பட்ட கட்டார் நாட்டின் எஸ்ஹெயில் 2 என்னும் தொலைக்காட்சிச் செய்மதியில், ஜேர்மனிய அமெச்சூர்களின் முயற்சியால், அவர்களுக்கென அஞ்சல் கருவிகள் வைக்கப்பட்டன. 2019 பெப்ரவரி 14ஆம் திகதி அவை திறந்துவிடப்பட்டன. அது நிற்கும் இடம் கிழக்கு நெடுங்கோடு 25.9 பாகை, கிளார்க் விரல் வைத்த இடத்துக்கு நான்கே பாகை தள்ளி. அவர் கண்மூடி ஏறத்தாழப் பதினொரு ஆண்டு ஆகியிருந்தது.

இந்தச் செய்மதி ஓடி மறைவதில்லை. இறம்பொடையிலிருந்து பார்த்தால் மேற்கு வானில் ஏறத்தாழ 27 பாகை உயரத்தில் இரவும் பகலும் நிற்கிறது. கொத்மலைப் பக்கம் திறந்திருக்கும் ஒரு லயத்து வாசலிலிருந்து அதற்கு மலை மறைப்பில்லை. பிரேசிலின் கீழ்க்கரை முதல் தாய்லாந்து வரையில் உள்ளோர் அதன் வழியே ஒருவரோடொருவர் பேசலாம். சொன்ன சொல் மேலே போய்க் கீழே வரக் கால் விநாடி ஆகும். தமிழ் அலைவரிசைகளுக்காக லயத்துக் கூரைகளில் பொருத்தியிருக்கும் டிஷ் அன்ரனாவும் அதன் முனையில் உள்ள கருவியுமே இதைக் கேட்பதற்கும் ஏற்றவை. திசையை மேற்கே திருப்ப வேண்டும், கீழே பொருத்தமான வாங்கி ஒன்று வேண்டும். கேட்பதற்கு உரிமம் கூட அமெச்சூர் உரிமமாக இருக்க வேண்டியதில்லை. பேசுவதற்குத்தான் பரீட்சை, அழைப்புக் குறி, சில வாற்று வலுவுள்ள அனுப்பி எல்லாம். எனது மாணவர்களுள் விஞ்ஞானம் படிப்போரிடம் இதைச் சொன்னால், முதலில் அவர்கள் கேட்பது விலையை. நியாயமான கேள்விதான். ஒரு பாடசாலை நினைத்தால் முடியும். ஒரு தனி வீட்டுக்கு அது இன்னும் பாரம்.

அமெச்சூர்கள் செய்மதி வழியே சந்திக்கும்போது, அழைப்புக் குறியோடு தாம் நிற்கும் கட்டத்தின் பெயரையும் சொல்வார்கள். 1980இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் கூடியவர்கள் ஏற்படுத்திய முறை அது. பூமி முழுவதையும் இரண்டு பாகை நீளமும் ஒரு பாகை அகலமும் உள்ள கட்டங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்தும் இரண்டெண்ணும் கொடுத்தார்கள். அதன்படி இறம்பொடை இருக்கும் கட்டம் என்.ஜே.07. கண்டியும் மாத்தளையும் மட்டக்களப்பும் அதே கட்டத்தில் அடங்கும். சற்றுத் தெற்கே உள்ள நுவரெலியாவும் ஹட்டனும் பதுளையும் என்.ஜே.06. தோட்டத்தின் பெயரோ துரையின் பெயரோ இதில் இல்லை.

பேசி முடித்த பின் ஒருவருக்கொருவர் அட்டை அனுப்புவது அவர்கள் வழக்கம். கியூ.எஸ்.எல். அட்டை என்பர். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன செய்மதி வழியாக உங்கள் குரலைக் கேட்டேன் என்று அதில் எழுதியிருக்கும். குரல் கால் விநாடியில் போய்விடும். அட்டை தபாலில் வர வேண்டும். பல தோட்டங்களில் அது காரியாலயத்து மேசையில் இறங்கி, அங்கிருந்துதான் லயத்துக்கு வர வேண்டும்.